ராசாத்தி எதைப் பிடித்தாள்?

ஆய்வகத்தில் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்கு ‘ஏன் அக்கா’ என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் அந்தக் கேள்விதான் வரும். ஃப்ளூ கிருமியைப் பிடித்து அடையாளம் காட்டும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்துக்காகச் செல்களை வளர்ப்பது அவள் வேலை. கிருமி ஊசி போட்ட எலியின் ஆன்டிபாடி சுரக்கும் செல்லையும், சாகவே சாகாத புற்றுநோய்ச் செல்லையும் ஒட்டவைத்து, பிறந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் குடிவைப்பார்கள். ஒரு குழிக்குள் ஒரே செல்லின் வாரிசுகள். அவை சுரக்கும் ஆன்டிபாடி, சோதனைத் தட்டில் பூசிய கிருமியைப் பிடித்துக்கொண்டால் தட்டு நீலமாகும்.

அப்படி ஒரு குழி மயில் கழுத்தாய் நீலம் பூத்தபோது ஆய்வகமே அவளைச் சூழ்ந்துகொண்டது. அதற்கு ராசாத்தி என்று பெயர் வைத்தாள். பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படிப் பார்த்துப் பார்த்து ஊட்டியதில்லை என்று கணவன் சொல்லிக்காட்டினான். பக்கத்தில் இன்னொன்று, நீலமா இல்லையா என்று சந்தேகப்படும்படி வெளிறிக் கிடந்தது. அது நோஞ்சான். இடம் போதவில்லை, ராசாத்தி மட்டும் போதும், மற்றதையெல்லாம் நாளைக்குக் கொட்டிவிடலாம் என்றார் ஆய்வகத்தை நடத்தும் மேடம்.

அன்று மாலை ஆம்லெட்டுக்கு முட்டை அடித்துக்கொண்டே கணவன் பேச்சுவாக்கில் கேட்டான், கிருமியை எதில் வளர்க்கிறீர்கள் என்று. கோழிமுட்டைக்குள் என்றாள்.

“அப்போ அந்த எலிக்கு கிருமி மேல மட்டுந்தான் கோவம் வருமா? முட்டை மேல வராதா?”

“போங்க, உங்களுக்கு எல்லாமே கிண்டல்தான்.”

ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. எலிக்குப் போட்ட ஊசியில் முட்டைப் புரதமும் கலந்திருக்குமே? சோதனைத் தட்டில் பூசிய கிருமியும் முட்டையில் வளர்ந்ததுதானே? அப்படியானால் ராசாத்தி பிடித்தது எதை?

காலையில் மேடத்திடம் கெஞ்சாத குறையாக ஒருநாள் அவகாசம் கேட்டாள். காரணத்தைக் கேட்டதும் மேடமே கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கிருமி ஏற்றாத முட்டையின் நீரை ஒரு வரிசையிலும், முட்டை வாசனையே படாமல் வேறு செல்களில் வளர்த்து வைத்திருந்த கிருமியை மறு வரிசையிலும் பூசினார்கள். இரண்டு வரிசையிலும் ராசாத்தியும் நோஞ்சானும் சுரந்ததைத் தனித்தனிக் குழியில் விட்டார்கள்.

வெறும் முட்டை வரிசையில் ராசாத்தி ஜம்மென்று நீலமானாள். கிருமி வரிசையில் வெறும் தண்ணீர் மாதிரி கிடந்தாள். இத்தனை மாதம் மார்போடு அணைத்து வளர்த்தவள், யாரோ வீட்டுப் பிள்ளை.

“முட்டையை அடையாளம் காட்ட நல்ல ஆளாப் பிடிச்சிருக்கோம்,” என்றார் மேடம்.

ஏன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த குழியைப் பார்த்தாள். முட்டை வரிசையில் நோஞ்சான் நிறமே மாறவில்லை. கிருமி வரிசையில் மெல்ல, மிக மெல்ல, நீலம் ஊறிக்கொண்டிருந்தது.

“மேடம், இவன் பிடிச்சிருக்கிறது கிருமியோட எந்தப் புரதம்? மேல இருக்கிறதா, உள்ள இருக்கிறதா?”

“தெரியலையேம்மா,” என்ற மேடம், கொட்டுவதற்கென்று ஒதுக்கியிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பவும் வளர்ப்புப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினார்.