மறுபடியும் அழகையா

என் நாத்தனார் வைஜெயந்தியைப் பற்றி யாராவது குறைவாகப் பேசினால் நான் சும்மா இருக்க மாட்டேன். போர்ட் பிளேரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, அந்தமானிலேயே எங்கள் ஊரான ஹட் பேக்குத் திரும்பியவள். சுனாமி வீட்டைக் கொண்டுபோனதிலிருந்து நாங்கள் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்தோம். 2010-இல் புது வீடுகள் தயாரானபோது, யாருக்கு எந்த வீடு என்று குலுக்கும் வேலை அவளிடம் வந்தது. ரோட்டோரத்து முதல் வீட்டின் மேல்தான் எல்லோர் கண்ணும். கடைசி வீடு சாக்கடையை ஒட்டியது.

குலுக்குவது ஒரு சின்னப் பெட்டிக் கணினி. பொத்தானை அமுக்கினால் பெயர்கள் வரிசையாக அச்சாகும். ஒத்திகையில் முதல் வீடு என் மாமனார் அழகையாவுக்கு விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் குலுக்கலுக்குச் சற்று முன்பு கரண்ட் போய் வந்தது. இங்கே அது என்ன புதுசா? பொத்தானை அமுக்கினாள். மறுபடியும் அழகையா. மற்ற பெயர்களும் அதே வரிசை.

"அரே, இது என்ன டிரா? பூரா சோரி, திருட்டு!" என்று இந்தி கலந்து கத்தினார் பக்கத்துக் கொட்டகை ஐயாவு அண்ணன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ, "அவர் கேக்கறது நியாயம்தான் அண்ணி. இந்த டிரா செல்லாது" என்றாள். கைக்கு வந்த வீடு! அதையும் விடுவதா?

கணினிக்குள் எல்லாவற்றையும் நடத்துவது கெர்னலாம். விசை தட்டும் நேரம், தகவல் வந்துசேரும் நேரம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாதவற்றைக் கலந்துதான் அது குலுக்கலுக்கான எண் போடுமாம். இந்தப் பெட்டிக்கு விசைப்பலகையே கிடையாது. முறையாக அணைத்தால், அடுத்த முறைக்கு உறைமோர் போலக் கொஞ்சம் கலவையை எடுத்துவைக்கும். எங்கள் ஊர்க் கரண்ட் எதை முறையாக அணைய விட்டது? ஒவ்வொரு முறையும் அதே பழைய உறையோடு விழித்து, அதே வரிசையைத் தந்திருக்கிறது.

சோறு தண்ணி மறந்து கெர்னலையே திருத்தினாள். விழித்ததும் பழைய உறையை மாற்றிவிட வேண்டும். உள்ளே நடக்கும் ஒவ்வொரு சின்ன அசைவின் நேரத்தையும் கலக்க வேண்டும். போதுமான அளவு கலக்கும்வரை ஓர் எண்கூடத் தரக்கூடாது.

"பிளக்கை நீங்களே புடுங்குங்கண்ணே."

ஐயாவு அண்ணன் ஆசைதீரப் பிடுங்கினார், செருகினார். ஒவ்வொரு தடவையும் வேறு வரிசை வந்தது. பிறகு எல்லோர் முன்னாலும் நிஜக் குலுக்கல். முதல் வீடு இன்னொரு கொட்டகைப் பேச்சியம்மாவுக்கு. எங்களுக்குக் கடைசி வீடு.

மாமனார் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவள் அனுப்பிய திருத்தத்தை, அந்தக் கெர்னலைப் பராமரிக்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஏகப்பட்ட கேள்வி கேட்டு ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை.

இன்றைக்கும் சாக்கடை நாறத்தான் செய்கிறது. எங்கள் வீட்டுக்கு யாராவது வழி கேட்டால் ஐயாவு அண்ணன்தான் முந்திக்கொண்டு சொல்வார்: "சீதா, நேராப் போங்க, கடைசி மகான், அதான் கடைசி வீடு. தன் அப்பனுக்கு விழுந்த வீட்டையே வேணாம்னு சொன்ன பொண்ணு வீடு."