துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே

வெள்ளைப் போர்வைக்கடியில் நங்கையின் வலது கால் மிதித்துக்கொண்டே இருந்தது. அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியின், துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்தே அவள் இளமை தீர்ந்தது. விரல்களில் உணர்வு மங்கி, துணியின் மடிப்பு தட்டுப்படாமல் போனபோது நரம்புச் சோதனைக்கு அழைத்துப்போனேன். கழுத்தில் நரம்பு நசுங்கியிருந்தால் ஆபரேஷன் என்றிருந்தார்கள். அதைவிட, தையல் போய்விடுமே என்பதுதான் அவள் பயம்.

மணிக்கட்டில் சிறு மின் துடிப்புக் கொடுப்பார்கள். அது மூளையைச் சேர்ந்ததும் திரையில் ஓர் அலை எழ வேண்டும். வெளியே கூட்டம். டெக்னீசியன் துடிப்பின் வேகத்தைக் கூட்டினார். கட்டைவிரல் வெட்டி வெட்டி இழுக்க, நங்கையின் கால் இல்லாத பெடலைத் தேடி மிதிக்கத் தொடங்கியது.

"காலை ஆட்டாதீங்கம்மா, கோடெல்லாம் கலையுது."

"நீங்க ஸ்பீடு ஏத்துறீங்கல்லங்க? நானும் கூடவே வர வேண்டாமுங்களா?"

சிரித்துவிட்டேன். கால் நின்ற பிறகும் அலை எழவில்லை. திரையில் ஏதோ லேசான சுருக்கம், அவ்வளவுதான். என் சிரிப்பு அடங்கிற்று. டாக்டர் வந்து, வேகத்தைக் குறைக்கச் சொன்னார். அடுத்தடுத்துத் தட்டினால் நல்ல நரம்பிலேயே பதில் சிறுத்துப்போகுமாம். ஒன்றைக் கேட்டு முடிப்பதற்குள் இன்னொன்று வந்து நின்றால் அது என்ன செய்யும்? ஒரு தட்டு. இடைவெளி. மறுபடி ஒரு தட்டு. வெகுநேரம் கழித்து, சின்னதாக, கொஞ்சம் பிந்தி, அலை எழுந்தது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார்.

நங்கை எழுந்து உட்கார்ந்தாள். "இந்த வேகத்துல தைச்சாக் கை தேறிக்குமுங்களா?"

"தேறலாம்," என்றார் டாக்டர். "கம்பெனில விடுவாங்களா?"

"நீங்களே வந்து எங்க சூப்பர்வைசர்கிட்டச் சொல்லுங்க சாமி. ஊசியோட சேத்து உங்களையும் மாத்திப்போடுவான்."

திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. தடுக்கிற அளவுக்கு எனக்கும் தெம்பில்லை. எங்கள் தெருவில் எல்லாரும் ஓடுகிற மெஷினுக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருந்தோம்.

அதெல்லாம் பழைய கதை; இப்போது அவள் கம்பெனிக்குப் போவதில்லை. நேற்று ஒரு துண்டுத் துணியை அவள் மடியில் போட்டு, "இது என்ன துணி, சொல்லுங்க பாக்கலாம்" என்றேன். முன்பென்றால் ஓரத்தைத் தொட்டதுமே சொல்லியிருப்பாள். நேற்று கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். பார்க்கச் சகிக்காமல், பெயரை நானே சொல்ல வாயெடுத்தேன்.

"சித்த இரு கண்ணு," என்றாள். "வருது."