சாத்தியிருந்த குசினிக் கதவு

இதை எழுதுவதா விடுவதா என்று ஆறு வருடம் தயங்கினேன். சாமிப் படத்துக்கு முன்னால் பேனையை எடுத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்த நாட்கள் பல. நான் அதிகம் படித்தவனில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டென்மார்க்கில், ஓல்போர்க் நகரத்தில் ஒரு பொது மண்டபத்தில் பெடெல் வேலை பார்த்தேன். கதவு திறப்பது, கதிரை அடுக்குவது, ஹீட்டர் பார்ப்பது, பூட்டுவது. அங்கே கூடும் சங்கங்களுக்கு மண்டப வாடகையில் பெரும் பகுதியை நகரசபையான கொம்யூன் உதவியாகக் கொடுக்கும். எடுத்த மண்டபத்தைப் பாவிக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. எத்தனை பேர் வந்தார்கள் என்று தாளில் குறிப்பதும் என் பொறுப்பு.

சனிக்கிழமைகளில் சீன முதியோர் சங்கம் வரும். தலைவி லின் அம்மா. ரெஸ்டோரன்ட் குசினியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய டேனிஷும் என்னுடைய டேனிஷும் ஒரே அளவு உடைசல். அதனாலேயே நன்றாகக் கதைப்போம்.

“சிவா, எங்களுக்கு வயசு போட்டுது. மெத்தைக் கதிரை தாவன்.”

“எல்லாம் ஒரே பலகைக் கதிரைதான். மெதுவா இருங்கோ.”

ஒரு புரட்டாதிச் சனி, தட்டில் கொழுக்கட்டை போல ஒன்றை நீட்டினார். உள்ளே பன்றி இறைச்சி.

“இந்த மாதம் சனியிலை எனக்கு விரதம், லின் அம்மா.”

“ஓ, சாமிக்கோ? சரி சரி” என்று தட்டை உடனே துணியால் மூடினார்.

அடுத்த நான்கு சனியும் மண்டபம் இருட்டாகக் கிடந்தது. குசினிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ இரண்டு பேர் தேத்தண்ணி போடுகிறார்கள் என்று நினைத்தேன். விரதத்தோடு அந்தப் பக்கம் போக மனம் வரவில்லை. தாளில் நான்கு முறையும் ‘ஒருவரும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

மார்கழியில் லின் அம்மா ஒரு கடிதத்தோடு வந்தார். மண்டபம் பாவிக்கப்படாததால் அடுத்த வருட உதவி இல்லை என்று அதில் இருந்தது. வாசித்துச் சொன்னேன்.

“நாங்கள் எல்லாச் சனியும் வந்தமே, சிவா. இருவது பேர். எங்கடை விழாவுக்குப் பலகாரம் செய்தனாங்கள், குசினியிலை.”

“பின்னை ஏன் கதவைச் சாத்தி வைச்சனீங்கள்?”

“உனக்கு விரதமெல்லோ. இறைச்சி மணம் வரக்கூடாதெண்டு.”

அந்தத் தாளை எழுதியவன் நான்தான் என்று அப்போதே சொன்னேன். அவர் கடிதத்தை மெல்ல மடித்தார்.

மேலாளர் ஹென்றிக்கிடம் ஓடினேன்.

“நீயே கையெழுத்து வைச்சிருக்கிறாய். பிழையெண்டு எழுதிப் போடுறன். ஆனா மாத்தமாட்டாங்கள்.”

மாற்றவில்லை. அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. லின் அம்மா தங்களிடம் இருந்த மண்டபக் கதவின் திறப்பைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

“அடுத்த வருஷம் எங்களிலை எத்தினை பேர் இருப்பமோ” என்றார்.

விண்ணப்பம் வரவேயில்லை. இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். மற்றவர்கள் வீடுகளுக்குள் ஒதுங்கிவிட்டார்கள். லின் அம்மாவைச் சில சனிகளில் பஸ் தரிப்பில் தனியாகக் கண்டிருக்கிறேன்.

நான் இப்போதும் புரட்டாதிச் சனி பிடிக்கிறேன். ஆனால் கதவைத் திறந்து பார்க்காமல் எதையும் எழுதுவதில்லை. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளும் அப்படியே செய்யுங்கள்.

இதை யாருக்காவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். பெடெலுக்குத் தெரியாமல் நடந்தது என்று எனக்காக ஒரு வரி சேர்க்க வேண்டாம். அந்த நான்கு சனியும் குசினிக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது.