மில் சுவரில் நீல எழுத்து

தகர டப்பாவில் வஜ்ரப் பசை கொதிக்கும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது; ஒரு குமிழி உடைந்தபின் அடுத்ததற்குக் காக்க வைக்கும் சோம்பலான சத்தம். அந்தப் பசையில் நீலப் பொடியைக் கரைத்தால்தான் எழுத்து சுவரில் நிற்கும். சுவர் எழுத்து கழுத்தைப் பிடிக்கிற தொழில். ஏணியில் நின்றவர்களுக்கும் கண்ணில் சுண்ணாம்பு வாங்கியவர்களுக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், சிங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் மில்லைச் சொல்லாமல் கொள்ளாமல் பூட்டினார்கள். நான் அங்கே ஆபீசில் டைப் அடித்தவள். மரகதம் ஸ்பின்னிங்கில் இருந்தவள்; புருஷன் இல்லை, இரண்டு பெண்கள், அந்த வேலையில்தான் அடுப்பு எரிந்தது. பெண்களாகச் சேர்ந்து சுவர்களில் 'மில்லைத் திற' என்று எழுதக் கிளம்பினோம். 'திறக்க வேண்டும்' என்று மரியாதையாக நீட்டலாமே என்றார்கள் சிலர். நான் மறுத்தேன். கதவை இடிக்கும்போது யாரும் நீட்டி இடிப்பதில்லை. கட்சிக்காரர்கள் ராத்திரியில் எழுதுவார்கள். நாங்கள் வெயிலில், ஊர் பார்க்க எழுதினோம்.

நல்வரவு

முதல் சுவர் பஸ் ஸ்டாப் எதிரே ஒரு வீட்டுக்காரருடையது. அனுமதி கேட்கப் போனபோது துரத்திவிடுவார் என்றே நினைத்தேன். அவர் எங்கள் சுண்ணாம்பு வாளியை எட்டிப் பார்த்தார். சுவர் முழுக்க நாங்களே வெள்ளையடிப்போம் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "தாராளமா எழுதுங்க அம்மணி. ஊட்ல பொண்ணு பாக்க வாராங்க, அதனால சிவப்பு மட்டும் வேண்டாமுங்க, கட்சிக்காரன் ஊடுன்னு நெனச்சுக்குவாங்க. அப்படியே கீழ நல்வரவுன்னு ஒண்ணு எழுதிப்போடுங்க, மாப்பிள்ளைக்கும் ஆச்சு."

பரிசம்

காலிச் சுவருக்கு வெள்ளையடித்து நான்கு மூலையிலும் பெயர் எழுதிவிட்டால் அது நம்முடையது. எதிரியானாலும் தொடமாட்டான். கட்சிக்காரர்கள் இதை புக்கிங் என்பார்கள். எங்கள் பெண்கள் பரிசம் போடுவது என்றார்கள். மில்லின் வெளிச்சுவருக்கு அப்படித்தான் பரிசம் போட்டிருந்தோம்.

தேர்தல் வந்தது. ஒரு கட்சிப் பிரமுகர் பெயிண்டரோடு வந்து அந்தச் சுவரிலேயே ஏணியைச் சாய்த்தார். மரகதம் ஏணியின் கீழ்ப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். "ஏனுங்க, அடுத்தவங்க பரிசம் போட்ட பொண்ணுக்கு நீங்க தாலி கட்டுவீங்களா?" பிரமுகர் பெயிண்டரை அதட்டினார். பெயிண்டர் மூலையில் இருந்த எங்கள் பெயரைப் பார்த்தார். பிரஷ்ஷைத் துடைத்து இடுப்பில் செருகினார். "இதைத் தொட்டா நாளைக்கு என் செவுத்தை எவனும் மதிக்கமாட்டானுங்க. வேற ஆளைப் பாத்துக்குங்க."

தூறல்

நிர்வாகம் எங்கள் தொழிலைச் சேர்ந்ததல்ல. அதற்கு மூலையும் தெரியாது, பரிசமும் தெரியாது. மேனேஜர் ஆள் வைத்து எழுத்தின்மேல் சுண்ணாம்பு அடித்தார். சுண்ணாம்பு காய்ந்தால் மறைக்கும், நனைந்தால் காட்டிக்கொடுக்கும். கோயம்புத்தூர்த் தூறல் விழுந்ததும் எங்கள் நீலம் மங்கலாக மேலே வரும். மறுபடி அடிப்பார்கள். மறுபடி தூறும்.

கடைசியில் மேனேஜரே கேட்டுக்கு வெளியே வந்து மரகதத்தைக் கூப்பிட்டார். எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் அவர்களுடைய இன்னொரு மில்லில் அவளுக்கு மட்டும் வேலை என்றார். அவள் சரி என்றிருந்தால் நான் குறையாக ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன். அவள் ஈரச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எப்போதும்போலப் பணிவாகவே சொன்னாள்: "கேட்டுச் சாவியைக் கொண்டாங்க சார். எல்லாருக்கும் திறந்துபோட்டு, நானே சுரண்டி வெள்ளையும் அடிச்சுத் தாரேனுங்க."

சுவர் கடைசிவரை எங்களுடையதாகவே இருந்தது, மில்தான் திறக்கவில்லை. மரகதம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்து, கண் மங்கும்வரை அங்கேயே இருந்தாள்.