மூன்றாவது கம்பி

மகளுக்கு ஒன்றரை வயதானபோது, சாரம் என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்த முதல் மாடி பால்கனிக்கு கிரில் போட்டோம். வெல்டர் காலையில் வந்து பற்றவைத்து, சூடு ஆறியதும் சிவப்பு பிரைமர் அடித்துவிட்டுப் போனார். மறுநாளே மகள் கம்பிகளைப் பிடித்துத் தொங்க ஆரம்பித்தாள். மூன்றாவது கம்பி அடியில் லேசாக ஆடுவதுபோல் எனக்குத் தோன்றியது.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். மறுபடி வேலைக்குப் போவதற்காக அப்போது வெல்டிங் இன்ஸ்பெக்‌ஷன் வகுப்பில் சேர்ந்திருந்தேன். முதல் பாடமே குறைகளின் பெயர்கள். பெயர் தவறினால் அறிக்கையே தவறு என்பார் ஆசிரியர்.

குனிந்து பார்த்தேன். உருகிய இரும்பு வழிந்து, சட்டத்தோடு ஒட்டாமல் அதன்மேல் படிந்திருந்தால் ஓவர்லாப். உள்ளுக்குள்ளேயே இரண்டும் உருகிச் சேராமல் இருந்தால் லாக் ஆஃப் ஃபியூஷன். பிரைமர் மூடியிருந்ததால் எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. புத்தகத்தை எடுத்துவந்து படங்களோடு ஒப்பிட்டேன். வெல்டரைக் கூப்பிட போனை எடுத்தேன். என்ன குறை என்று கேட்டால் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று வைத்துவிட்டேன்.

மாமியார் வந்தார். "இன்னாம்மா பண்ற?"

"இது எந்த வகைன்னு பாக்கறேன் அத்தை."

அவர் கம்பியைப் பிடித்து உலுக்கினார். டக்கென்று சத்தம் வந்தது. "புள்ளைக்குப் பேரு வைக்கக்கூட நீ இவ்ளோ யோசிக்கல. வெல்டருக்குப் போன் போட்டு ஆடுதுன்னு சொல்லு, வரப்போறாரு" என்றபடி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அதுவரை அவள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கம்பி ஆடுதுண்ணே" என்றேன் போனில். அரை மணியில் வந்துவிட்டார். கிரைண்டர் வைத்துத் தேய்த்ததும் உள்ளே கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. இரண்டு இரும்பும் சேரவே இல்லை.

"கரண்டு கம்மியா வச்சிட்டேன் போலம்மா" என்று மறுபடி பற்றவைத்தார். சூடு ஆறியதும் பிரஷ்ஷை எடுத்தபோது தடுத்தேன்.

"பெயிண்டு இருக்கட்டும்ணே. மொதல்ல பாத்துடறேன்."

"கடல் காத்துல துரு புடிச்சிடும்மா. இப்படிப் பாக்க, கப்பலா கட்டியிருக்கேன்?"

"அஞ்சே நிமிஷம்."

சிரித்துக்கொண்டே வெல்டின்மேல் படிந்திருந்த கசடைத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். விளிம்பு முழுக்கப் பார்த்தேன். ஒவ்வொரு கம்பியாக உலுக்கினேன், மூன்றாவதை மட்டும் இரண்டு தடவை. சத்தம் வரவில்லை. அதற்கப்புறம்தான் மாமியார் மகளைக் கீழே இறக்கிவிட்டார்.