அப்பாவின் தோளும் ஒரு புதுப் பின்கட்டையும்

அப்பாவின் ரைபிள் உதைக்கும். சுட்டுவிட்டு வருகிற நாட்களில் அம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கி வைத்திருப்பார். அப்பா சட்டையைக் கழற்றினால் வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருக்கும். இரண்டு நாள் அந்தக் கையால் சோற்றைப் பிசையக்கூட முகம் சுளிப்பார். கேட்டால், "துப்பாக்கின்னா ஒதைக்கத்தான் செய்யும், முத்தமா குடுக்கும்?" என்பார்.

போடிமெட்டைத் தாண்டி, கேரளப் பக்கச் சரிவில் எங்களுக்கு ஒரு சிறிய ஏலத்தோட்டம் இருக்கிறது. கூலிக்கு ஜீப்பில் ஏறிப்போய்க்கொண்டிருந்த அப்பா, வருஷக்கணக்காகப் பாடுபட்டு அந்த நிலத்தைப் பிடித்தார். பயிரைக் காப்பாற்ற லைசென்ஸ் எடுத்து ரைபிளும் வாங்கினார். காட்டுப்பன்றித் தொல்லை கூடியபிறகு, அங்குள்ள பஞ்சாயத்து உத்தரவு கொடுத்தால் போய்ச் சுடுகிற ஆட்களில் ஒருவராகவும் ஆனார். பள்ளிக்கூடம் போகாத மனுஷர். பஞ்சாயத்திலிருந்து போன் வந்து, "சேட்டா, ஒண்ணு வரணும்" என்று கூப்பிட்டால் அன்று முழுக்க அவர் நடையே வேறாக இருக்கும். எங்கள் வீட்டில் கல்லூரிவரை படித்த முதல் ஆள் நான். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

போன மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஜீப்பு சாய்ந்து, அப்பாவின் வலது காரை எலும்பு முறிந்தது. தேனியில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது என்று சொன்ன டாக்டரிடம் அப்பா கேட்ட முதல் கேள்வி, இனிமேல் சுடலாமா என்பதுதான். டாக்டர் சிரிக்கவில்லை. "அந்த ஒதைய இந்தத் தோள் தாங்காது. ஒதை கொறைஞ்சா பாக்கலாம்" என்றார்.

அம்மாவுக்கு முதல் பாதியே போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும், "துப்பாக்கிய ஸ்டேசன்ல ஒப்படைச்சிட்டு வேற சோலியப் பாருங்க" என்றார். அப்பா சாப்பிடாமல் எழுந்து போனார்.

நான் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டேன். போனில் தேடியபோது, உதையைக் குறைப்பதற்கென்றே பின்கட்டைகள் இருப்பது தெரிந்தது. தோளில் பதிகிற அந்தப் பின்பகுதியில் மரத்துக்குப் பதில் உள்ளே ஒரு ஸ்பிரிங், கடைசியில் தடித்த, மெத்தென்ற ரப்பர். ஒரே அடியாக இறங்குவதை அது கொஞ்சம் இழுத்து, தள்ளுவதுபோல ஆக்கிவிடும். ஜீப்பு பள்ளத்தில் விழும்போது கட்டைச் சீட்டில் உட்கார்ந்திருப்பதற்கும் மெத்தைச் சீட்டில் உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று அம்மாவுக்கு விளக்கினேன்.

"அந்த ஜீப்புலதான் எலும்பு ஒடைஞ்சுது" என்றார் அம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். "மாட்டிக்கிறட்டும். ஒரே ஒரு தடவ சுடட்டும். தோள்ல செவப்புன்னு ஒரு பொட்டு தெரிஞ்சாலும் மறுநாளே ஒப்படைச்சிறணும்."

அப்பா தலையாட்டினார்.

லைசென்சை எடுத்துக்கொண்டு இருவரும் மதுரையில் உள்ள ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பொறுமைசாலி. அப்பாவின் முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து விரல்வரை நாடா வைத்து அளந்தார். ரைபிளைத் தூக்கச் சொன்னார், இறக்கச் சொன்னார். வெயிலில் அப்பாவின் அரைக்கைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "சுடுறப்பவும் இந்த உடுப்புதானே?" என்று கேட்டார்.

"இதுதான் சார்" என்றார் அப்பா. நானும், "ஆமா சார்" என்றேன்.

புதுக் கட்டை கறுப்பு நிறம். வீட்டில் குண்டு போடாமல் தோளில் வைத்துப் பார்த்தபோது அளந்து தைத்த சட்டைபோல உட்கார்ந்தது. பக்கத்து வீட்டு ஜீப்பு டிரைவர் வந்து ரப்பரை அமுக்கிப் பார்த்தார். "என்னண்ணே, துப்பாக்கிக்கு ஹவாய் செருப்பு மாட்டியிருக்கீக?"

"ஒனக்கென்ன மாப்ளே, பொறாம" என்றார் அப்பா. வெகுநாளுக்குப் பிறகு அவர் கேலிக்குக் கேலி பேசியது அன்றுதான்.

அழைப்பும் வந்தது. எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில் பன்றிகள் ஏலச்செடித் தூர்களைக் கிளறிப் போட்டிருந்தன. காய் எடுக்கப் போன பெண்களை ஒரு கொம்பன் பன்றி விரட்டியதில் அவர்கள் உள்ளே இறங்க மறுத்துவிட்டார்கள். பஞ்சாயத்து உத்தரவோடு நானும் அப்பாவும் விடியற்காலையில் ஏறினோம்.

எங்கள் ஷெட்டில் ஆணி அடித்து, மலை உடுப்புகளை மாட்டியிருப்போம். கம்பளி ஸ்வெட்டர், அதன்மேல் போட ஒரு தடித்த ஜெர்கின். அவற்றை நாங்கள் போடியில் இருக்கிற வீட்டுக்குக் கொண்டுவருவதே இல்லை. வெயிலில் ஏறுகிறோம், குளிரில் அதை மாட்டிக்கொள்கிறோம், இறங்கும்போது ஆணியில் விட்டுவிடுகிறோம். அன்றும் அப்பா வழக்கம்போல இரண்டையும் மாட்டிக்கொண்டார்.

ஓடைக்கரையில் பதுங்கியிருந்தோம். பனி விலகியபோது பன்றி வந்தது. கரையில் நின்று மண்ணை முட்டியது. அப்பா ரைபிளைத் தூக்கினார். ரப்பர் முனை அக்குளுக்குக் கீழே ஜெர்கினில் சிக்கியது. முன்னால் தள்ளி மறுபடி தூக்கினார். மறுபடி சிக்கியது. அந்தச் சரசரப்பில் பன்றி தலையைத் திருப்பி, ஒரு பாய்ச்சலில் காட்டுக்குள் போய்விட்டது.

மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், "என்னண்ணே, பன்னிக்கு வழி காட்டவா வந்தீக?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஷெட்டுக்கு வரும் வழியில், "ஒங்காத்தா சொன்னதுதான் சரி. குடுத்துருவோம்" என்றார். தோள் வலித்து, அதனால் துப்பாக்கியை விடுவதாக இருந்தால்கூட அவர் இவ்வளவு தளர்ந்திருக்கமாட்டார். சுடவே முடியாமல் விடுவதை அவரால் தாங்க முடியவில்லை.

ஷெட்டில் ஜெர்கினைக் கழற்றினார், பிறகு ஸ்வெட்டரை. குண்டை எடுத்துவிட்டு ரைபிளை மூலையில் வைக்கப் போனவர், என்ன தோன்றியதோ, ஒருமுறை தோளுக்குத் தூக்கினார். தங்குதடையில்லாமல் ஏறி உட்கார்ந்தது.

இருவரும் ஆணியைப் பார்த்தோம்.

"அப்பா, ஜெர்கினப் போட்டுட்டுத் தூக்குங்க." சிக்கியது. "ஸ்வெட்டரோட மட்டும்." அப்போதும் உரசியது. அவர் உடம்புக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு உடுப்பின் கனத்துக்கு இடம் விடாமல், வேர்த்துக்கொண்டு நின்று அளவு கொடுத்திருந்தோம். கடைக்காரர் கேட்கத்தான் கேட்டார். ஆணியில் தொங்குகிற உடுப்பு எங்கள் இருவருக்குமே உடுப்பாக ஞாபகம் வரவில்லை.

"படிச்சவன் நீயாச்சும் சொல்லியிருக்கலாம்ல" என்றார் அப்பா. கோபமில்லை. பிறகு அவரே, "சுடுறவன் எனக்கே தெரியல. வெயில்ல அளந்தா வெயிலுக்குத்தான் பொருந்தும். வெரசா கெளம்பு" என்றார். ஜெர்கினும் ஸ்வெட்டரும் முதல்முறையாக மலையை விட்டு இறங்கின.

மதுரை வெயிலில் அப்பா அவற்றை மாட்டிக்கொண்டு நின்றபோது கடைக்கு வந்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கடைக்காரர் கட்டைக்கும் ரப்பருக்கும் நடுவில் இருந்த தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நீளத்தைக் குறைத்தார். ரப்பரின் மேல்முனையையும் உருட்டித் தேய்த்துக் கொடுத்தார். அப்பா தூக்கித் தூக்கிப் பார்த்தார். நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகியது. "இப்ப சரி" என்றார்.

அடுத்த வாரம் அதே ஓடைக்கரை. பன்றி கொஞ்சம் மேலே, நாவல் மரத்தடியில் வந்தது. ரைபிள் ஒரே வீச்சில் தோளுக்கு ஏறியது. சத்தம் கேட்ட அதே நொடியில் நான் பன்றியைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தேன். வழக்கமாக ஓர் அடி பின்னால் போய்விடுகிற தோள், யாரோ தட்டிக்கொடுத்ததுபோல லேசாக அசைந்து நின்றது. பன்றி இருந்த இடத்திலேயே விழுந்தது. மேட்டில் இருந்த பெண்கள் குலவையிட்டார்கள்.

அப்பா அதற்கெல்லாம் திரும்பவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து, "பாரு தம்பி" என்றார். ஜெர்கின், ஸ்வெட்டர், சட்டை எல்லாவற்றையும் விலக்கிப் பார்த்தேன். ஆபரேஷன் தழும்பு மட்டும் இருந்தது.

"செவந்திருக்கா?"

"இல்லப்பா."

"நல்லாப் பாரு. பொய் சொல்லாத."

"இல்லப்பா. வலிக்குதா?"

"தள்ளுது. அம்புட்டுதான்."

சிக்னல் கிடைக்கிற பாறைக்குப் போய் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவர் என் வார்த்தையை நம்பவில்லை. "போனக் கிட்டக்கக் கொண்டா. இன்னும் கிட்டக்க. வெளிச்சத்துல திருப்பு." குளிரில் மயிர் சிலிர்த்த தோளைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல அசையாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா வெகுநேரம் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும்" என்றார் அம்மா. "அடுத்து கூப்புட்டாலும் போகட்டும்."

அப்பா மூச்சை விட்டார். சுட்ட பன்றியை அங்கேயே மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்க வேண்டும், அதுதான் விதி. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மண்வெட்டியை எட்டி எடுக்கப் போனார்.

"என்னது அது கையில? சுடத்தான் சரின்னேன். குழி தோண்டவா சொன்னேன்?" போனுக்குள்ளிருந்து அம்மா கத்தினார்.

மண்வெட்டி என் கைக்கு வந்தது. வேர் ஓடிய மண், சீக்கிரம் இறங்கவில்லை. அப்பா ரைபிளை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்து, "இன்னும் ஆழம், இன்னும் ஆழம்" என்று மத்தியானம்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.