மூன்று கால்

பழைய கேமரா ஒன்று கைக்கு வந்ததும் வானத்தைப் படம் பிடிக்கும் கிறுக்கு எனக்குப் பிடித்துக்கொண்டது. சேதராப்பட்டு கம்பெனியில் பகல் ஷிப்ட் முடித்து, பாகூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சாப்பிட்டதும், கேமராவை வைக்கும் மூன்று கால் ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவேன். சித்தப்பாவின் கரும்புக்கு மேலேதான் வானம் நல்ல இருட்டாக இருக்கும். வரப்பில் ஸ்டாண்டை ஊன்றி, கேமராவை இருபது வினாடி அசையாமல் திறந்து வைத்தால் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரமெல்லாம் படத்தில் வந்துவிடும்.

நாலாம் நாள் ஒரு டார்ச் என் பின்னால் வந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. நல்ல படம் ஒன்றில் குறுக்கே வெள்ளைக் கோடு இழுத்துவிட்டது. மோட்டார் ஒயர் திருடுகிறவன் என்று நினைத்து, "எவன்டா அது?" என்று கத்தினேன். வந்து நின்றவர் சித்தப்பா.

"இன்னாடா அளக்குற?"

"அளக்கல சித்தப்பா. நட்சத்திரத்த போட்டோ எடுக்கறேன்."

"இருட்டுல போட்டோவா? யாருக்குடா எடுக்குற?"

பைபாஸ் வருவதற்கு முன்னால் இப்படித்தான் மூன்று கால் வைத்த கருவியோடு ஆட்கள் வந்தார்கள். மஞ்சள் கல் நட்டார்கள். அவர் நிலத்தில் பாதி போயிற்று. அது தெரிந்தும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. படத்தைக் காட்டினேன். படத்தில் மேலே இருந்த நட்சத்திரங்களை அவர் பார்க்கவே இல்லை.

"கீழ பூரா என் கழனிதான கீது?"

போனில் நட்சத்திரம் காட்டும் ஆப்பைத் திறந்தது அதைவிட மடத்தனம். அதில் புள்ளிக்குப் புள்ளி கோடு.

"தோ, கோடே போட்டு வச்சிக்கீற!"

அதன்பிறகு நான் போனால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். தவளக்குப்பத்து நிலப் புரோக்கர் ஒருவன் பைக்கில் சித்தப்பா வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்தான். எனக்கு அவன்மேல் சந்தேகம்; சித்தப்பாவுக்கு என்மேல். ஒருநாள் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"மறுபடியும் ரோடு வருதாம், அதுக்குத்தான் நீ அளக்குறியாம். அதுக்கு முன்ன வித்துடுன்றான் அந்த புரோக்கரு. ஐயனாரு கோயில்ல கற்பூரத்த அணைச்சி, அளக்கலன்னு சத்தியம் பண்ணு. நீ பண்ணிட்டினா நான் கையெழுத்து போட மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"தூக்கி வளத்த புள்ளயவே சந்தேகப்படுறியா? கற்பூரமாவது மண்ணாவது, போ சித்தப்பா!"

ஒரு வாரத்தில் தணிந்துவிடுவார் என்று நினைத்தேன். அந்த வாரமே விற்றுவிட்டார். ரோடு எதுவும் வரவில்லை. கரும்பை வெட்டி மனைக் கல் நட்டார்கள். ராத்திரி முழுக்க அங்கே லைட் எரிகிறது. நட்சத்திரமும் இல்லை.

பல மாதம் கழித்துச் சித்தப்பா வீட்டுக்கு வந்தார்.

"அந்த போட்டோ கீதாடா? மேல இருக்கறத வெட்டிட்டு, கீழ கீறத மட்டும் பெருசா போட்டுக் குடு."

படத்தை எடுத்துக் காட்டினேன். கறுப்பாகக் கரும்பு, அதன் ஓரம் அவர் டார்ச் இழுத்த வெள்ளைக் கோடு. "இதான் என் வரப்பு" என்று விரலால் தடவினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நீ மெய்யாலுமே அளக்கலதான?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளே போய்ச் சாமி மாடத்திலிருந்து கற்பூரம் எடுத்து வந்து கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்தேன்.

"அளக்கல சித்தப்பா."

கை கன்றிப்போயிருந்தது. அதைப் பிடித்துப் பார்த்தார்.

"அன்னிக்கே அணைச்சிருக்கலாமேடா" என்றார்.